டேங்க் ஹேட்ச் திறந்து டிப் எடுப்பது: சேஃப்டி கணக்கா, மீத்தேன் கணக்கா?

ஜிஜிஎஸ்காரன்
வணக்கம். கச்சா எண்ணெய் சேகரிப்பு நிலையம். நாலு டேங்க், மூன்று ஷிஃப்ட். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆபரேட்டர் மேலே ஏறி ஹேட்ச்சை (கூரையில் இருக்கும் மூடி) திறந்து டேப் விட்டுத்தான் டிப், அதாவது எண்ணெய் லெவல், எடுக்கிறார். சஸ்டெயினபிலிட்டி அறிக்கைக்கு மீத்தேன் அளவு கேட்டு ஒரு பிரிவு மெயில் அனுப்புகிறது. சேஃப்டி பிரிவு பர்மிட், மாஸ்க் என்று தனியாக ஒரு ஃபைல் வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஓட்டையைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது இரண்டு பிரிவுக்கும் தெரியவில்லை. மூடியைத் திறக்காமலே லெவல் காட்டும் ரேடார் கேஜ் கேட்டால் "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள். இதற்குத் தொழில்நுட்ப ரீதியாக என்ன பதில் சொல்லலாம்?

சிவப்பு_ஹெல்மெட்
"ஒண்ணும் ஆகலையே" என்பதற்கு அமெரிக்காவிலிருந்தே பதில் இருக்கிறது. 2010 முதல் 2014 வரை அங்கே எண்ணெய் வயல்களில் டேங்க் ஹேட்ச்சைத் திறந்து டிப் அல்லது சாம்பிள் எடுக்கும்போது ஒன்பது பேர் இறந்திருப்பதை நையோஷ் (அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) கண்டறிந்தது. 2016-இல் ஓஷாவும் (பணியிடப் பாதுகாப்பு விதிகளை அமல்படுத்தும் அமைப்பு) நையோஷும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. இப்படிப்பட்ட சாவு நடந்தால் முதலில் ஹெச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு) என்றோ மாரடைப்பு என்றோதான் நினைப்பார்கள். இங்கே ஆளைக் கொன்றது புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் ஆவி. ஹேட்ச் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும் ஆவிக் கூட்டம் ஆக்சிஜனை ஒதுக்கிவிடுகிறது. அதே ஆவி இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கிறது. இனிப்பு எண்ணெய்தானே (கந்தகம் குறைந்தது), ஹெச்2எஸ் இல்லையே என்ற தைரியம் இங்கே செல்லாது.

நாலு வாயு மீட்டர் போட்டிருக்கிறோம் என்று சொல்வார்கள். அதை எப்படிப் படிப்பது என்று பாருங்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. மீட்டர் 19.5-இல்தான் அலறும். 20.9 என்பது 19.5 ஆக இறங்க வேண்டுமானால் காற்றில் ஏறத்தாழ 6.7 விழுக்காடு வேறு வாயு புகுந்திருக்க வேண்டும். அதாவது 67,000 பிபிஎம். பென்டேனுக்கு நையோஷ் சொல்லும் உடனடி உயிராபத்து அளவு 1,500 பிபிஎம். ஆக்சிஜன் அலாரத்தை நம்பி நிற்பவர் ஆபத்து எல்லையை நாற்பது மடங்கு தாண்டிய பிறகுதான் முதல் சத்தத்தைக் கேட்கிறார்.

எல்ஈஎல் சென்சாரும் (ஆவி தீப்பிடிக்கும் அளவை எவ்வளவு நெருங்கியது என்று காட்டுவது) இங்கே தடுமாறும். ஆவியை உள்ளே எரித்து அளக்கும் கேட்டலிட்டிக் பீட் வகைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ரீடிங் பொய்யாகக் குறையும். மீத்தேனில் கேலிபரேட் செய்த கருவி பென்டேன் ஆவியைக் கிட்டத்தட்டப் பாதியாகத்தான் காட்டும். டேங்க் வேலைக்குப் போகும் மீட்டரைப் பென்டேனில் கேலிபரேட் செய்யுங்கள், அல்லது கருவியில் திருத்தக் காரணியை ஏற்றுங்கள். தினமும் பம்ப் டெஸ்ட் (bump test, அளவு தெரிந்த வாயுவைக் காட்டி மீட்டர் அலறுகிறதா என்று பார்ப்பது) கட்டாயம். சிலிகான் ஸ்பிரே பட்ட சென்சார் வெளியில் நன்றாக இருப்பது போலவே இருக்கும், உள்ளே செத்திருக்கும்.

கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது ஆவியை வடிகட்டுமே தவிர இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. போட வேண்டியது எஸ்சிபிஏ (முதுகில் காற்று சிலிண்டரோடு வரும் மாஸ்க்), இல்லையென்றால் தப்பிக்கும் சிலிண்டரோடு கூடிய ஏர்லைன் மாஸ்க்.

வால்வு_வைத்தி
மீத்தேன் பக்கத்துக் கணக்கை நான் போடுகிறேன்.

செபரேட்டரில் (எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் கலம்) 3, 4 பார் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் டேங்குக்குள் வந்ததும் சோடா பாட்டில் திறந்த மாதிரி கரைந்த வாயுவைக் கக்கும். அதுதான் ஃபிளாஷ் கேஸ். ஒரு பேரலுக்கு 20 கன அடி ஃபிளாஷ் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் (உதாரணம் மட்டுமே, உங்கள் எண்ணெய்க்கு லேப் சொல்ல வேண்டும்), நாளுக்கு 1,000 பேரல் வரும் நிலையத்தில் 20,000 கன அடி. மெட்ரிக்கில் 566 கன மீட்டர். வருடத்துக்கு இரண்டு லட்சம் கன மீட்டரைத் தாண்டும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவில் சூடேற்றும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல்.

அளவைச் சரியாகப் பிடிக்க, செபரேட்டரின் எண்ணெய் அவுட்லெட்டில் அழுத்தம் குறையாமல் சிலிண்டரில் சாம்பிள் எடுத்து லேபில் ஃபிளாஷ் லிபரேஷன் டெஸ்ட் செய்யுங்கள். டேங்க் கூரையிலிருந்து எடுத்த சாம்பிள் உதவாது, அதில் பாதி ஏற்கெனவே பறந்துவிட்டது.

ஹேட்ச்சைத் திறக்கும் நிமிடங்களில் போவது மொத்தத்தில் சின்னப் பங்குதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரிய பங்கு போவது டிப் எடுத்த பிறகு சரியாக உட்காராத மூடி வழியாக. கேஸ்கெட்டில் மெழுகு ஒட்டியிருக்கும், லாட்ச் போடாமல் விட்டிருப்பார்கள், இல்லையென்றால் டேப் உரசி உரசி விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். வாயுக் கசிவைக் காட்டும் ஓஜிஐ கேமராவில் பார்த்தால் மூடிய ஹேட்ச்சின் ஒரு மூலையிலிருந்து புகை சன்னமாக வழிந்து, கூரைச் சரிவில் இறங்கி, ஏணித் தலைப்பில் தேங்குவது தெரியும். அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டர் ஏறி வந்து மூச்சு வாங்குகிற இடம் அது.

பழைய_ஃபோர்மேன்
எல்லாம் சரி. டிப் இல்லாமல் கஸ்டடி டிரான்ஸ்ஃபர் (வாங்குபவருக்கு அளந்து கைமாற்றுவது) எப்படி நடக்கும்? ரேடார் நுரையைப் பார்த்து எண்ணெய் என்று சொல்லும். அடித் தண்ணீர் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட் தடவிய டேப்தான் கடைசியில் உண்மை சொல்லும். இங்கே எழுதுபவர்களுக்கு டேங்க் மேல் வேலை தெரியாது.

கடலோடி_டி4
அண்ணே, கப்பலில் இதற்கு எப்போதோ வழி பிறந்துவிட்டது. இனெர்ட் கேஸ் (எரிய விடாத வாயு) போட்ட டேங்கரில் ஹேட்ச் திறந்து டிப் எடுக்க விடமாட்டார்கள். டெக்கில் வேப்பர் லாக் வால்வு இருக்கும். யூடிஐ டேப்பை (முனையில் சென்சார் உள்ள டேப்) அதன் மேல் திருகிப் பூட்டி வால்வைத் திறந்தால், டேப் உள்ளே இறங்கும், ஆவி வெளியே வராது. எண்ணெய் மேல்மட்டம், எண்ணெய் தண்ணீர் எல்லைக் கோடு, வெப்பநிலை மூன்றையும் அதே டேப் தரும். பேஸ்ட்டும் வேண்டாம். கரையில் இருக்கும் நிலையான கூரை டேங்கிலும் இதைப் போடலாம். கூரையில் ஒரு நாசில், ஒரு பால் வால்வு, அடாப்டர், அவ்வளவுதான். டேங்க் காலியாகிக் கேஸ் ஃப்ரீ ஆகும் ஷட்டவுனில் நாசில் வெல்டிங்கை முடித்துக்கொள்ளுங்கள். ஓடும் டேங்கில் தொடாதீர்கள்.

சிவப்பு_ஹெல்மெட்
ஃபோர்மேன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ரேடாரை ஸ்டில் பைப்புக்குள் (டேங்குக்குள் செங்குத்தாக நிற்கும் துளையிட்ட குழாய்) போடாவிட்டால் நுரையும் இன்லெட் கொந்தளிப்பும் ரீடிங்கைக் கெடுக்கும். ஆனால் கஸ்டடிக்கு ஹேட்ச் திறந்துதான் ஆக வேண்டும் என்பது பழைய கதை. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எம்பிஎம்எஸ் 18.2 என்று 2016-இல் தனி ஸ்டாண்டர்டே வந்தது. லீஸ் டேங்கிலிருந்து (எண்ணெய் வயலிலேயே இருக்கும் டேங்க்) லாரிக்கு ஏற்றும்போது ஹேட்ச்சைத் திறக்காமல் அளவும் தரமும் எடுக்கும் மாற்று வழிகள் அதில் உண்டு. லாக்ட் யூனிட் (பைப்பிலேயே தானாக அளந்து கைமாற்றும் அமைப்பு) போட்டால் இன்னும் நல்லது. கோரியாலிஸ் மீட்டர், தண்ணீர் அளக்கும் புரோப், தானியங்கி சாம்பிளர் எல்லாம் பைப்பிலேயே இருக்கும். விற்பவர், வாங்குபவர் இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் இது நடக்கும். பட்ஜெட் கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தின் அளவீட்டுப் பிரிவைப் படியுங்கள். பலபேர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஜிஜிஎஸ்காரன்
மிக்க நன்றி சார். அதெல்லாம் வரும் வரை ஹேட்ச்சைத் திறந்துதான் ஆக வேண்டும். குறைந்தபட்ச வரிசை என்ன?

கடலோடி_டி4
டேங்குக்குள் பம்பிங்கை நிறுத்திவிட்டு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இது ஸ்டாட்டிக் சார்ஜ் தணிவதற்கு. மெட்டல் டேப்பை ஹேட்ச் விளிம்போடு பாண்ட் செய்த (மின் தொடர்பு கொடுத்த) பிறகுதான் உள்ளே விட வேண்டும், பாப் (டேப் நுனியில் உள்ள எடை) எண்ணெயைத் தொடும்போது தொடர்பு விடக்கூடாது. நைலான் கயிற்றில் சாம்பிள் பாட்டில் கட்டுவதை அறவே நிறுத்துங்கள்.

ஏறுவதற்கு முன் கீழேயே டேங்க் அழுத்தத்தைப் படிக்க ஒரு கேஜ் வேண்டும். அழுத்தம் இருந்தால் விஆர்யூ (ஆவியை உறிஞ்சி மீட்கும் கம்ப்ரசர்) வழியாகவோ கம்பஸ்டர் (ஆவியை எரிக்கும் கருவி) வழியாகவோ இறக்குங்கள், ஹேட்ச் வழியாக அல்ல. காற்று வரும் பக்கத்தில் ஓரமாக நின்று, கை எட்டும் தூரத்திலிருந்து மூடியைத் தூக்கி, விலகி நின்று முதல் வீச்சு போக விடுங்கள். குனிந்து உள்ளே பார்க்கும் பழக்கம்தான் ஆளைக் கொல்வது. துணை ஆள் கூரையில் பக்கத்தில் நிற்கக் கூடாது. கண்ணில் படும் தூரத்தில், கீழே, ரேடியோவோடு. இருவரும் ஒரே ஆவிக் கூட்டத்துக்குள் நின்றால் அவர் துணையாக இருக்க முடியாது.

கீழே லாரி இன்ஜின் ஓடக்கூடாது. பியூட்டேன் ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம். கூரையிலிருந்து வழிந்து டைக்குக்குள் (டேங்கைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள்) படியும். அதை டீசல் இன்ஜின் உறிஞ்சினால் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, வேகமெடுக்கும்.

நேரமும் முக்கியம். பிற்பகல் வெயிலில் டேங்க் வெளியே மூச்சு விடும், அதிகாலைக் குளிர்ச்சியில் உள்ளே இழுக்கும். பகல் ஷிஃப்ட் டிப்பை மதியம் 2 மணியிலிருந்து காலை 6:30-க்கு மாற்றினால் செலவே இல்லாமல் ஆவி குறையும். ஆனால் எண்ணெய் வந்துகொண்டிருக்கும் டேங்கில் ஃபிளாஷ் எந்த நேரமும் உண்டு, அதற்கு இது பொருந்தாது.

பிளேர்_பாண்டி
இழை நன்றாகப் போகிறது, ஆனால் ஒரு பக்கத்தை யாரும் தொடவில்லை. ஓட்டையை மூடிவிட்டால் ஆவி மாயமாகிவிடாது, வேறு இடத்துக்குப் போகிறது. எமிஷனைக் குறைக்கிறேன் என்று விஆர்யூவையும் கம்பஸ்டரையும் டேங்கோடு இணைத்து, பழைய ஹேஸாப்பை (HAZOP, ஆபத்து ஆய்வு அறிக்கை) திறந்தே பார்க்காமல் விட்ட இடங்களில்தான் புதிய ஆபத்து முளைக்கிறது.

முதலில் வெற்றிடம். ஏபிஐ 650 டேங்க் சாதாரண வடிவமைப்பில் தாங்கும் வெற்றிடம் 0.25 கிலோ பாஸ்கல். ஒரு அங்குலத் தண்ணீர் அளவு. விஆர்யூ கம்ப்ரசர் லோ பிரஷர் ட்ரிப் ஆகாமல் இரண்டு நிமிடம் கூடுதலாக இழுத்தால் கூரை உள்வாங்கிவிடும். பிவி வால்வின் (அழுத்தமோ வெற்றிடமோ மிஞ்சினால் தானே திறக்கும் வால்வு) வெற்றிடப் பக்கம் மெழுகிலோ உப்பிலோ ஒட்டிக்கொண்டால் கடைசிப் பாதுகாப்பும் போயிற்று. அழுத்தப் படிகளை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: விஆர்யூ நிற்கும் அழுத்தம், தொடங்கும் அழுத்தம், கம்பஸ்டருக்குத் திரும்பும் அழுத்தம், பிவி வால்வு திறக்கும் அழுத்தம், ஹேட்ச் தூக்கும் அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். இரண்டு படி ஒட்டி நின்றால் விஆர்யூ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேட்ச் கசியும். நீங்கள் மிச்சம் பிடித்ததாக அறிக்கையில் எழுதிய வாயு காற்றில் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து ஆக்சிஜன். கசியும் ஹேட்ச் வெளியே மட்டும் விடாது. டேங்க் வெற்றிடத்தில் இருக்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அது விஆர்யூ ஹெடருக்கு வரும். மீத்தேன் எரியக் குறைந்தபட்சம் 12 விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் அனலைசர் விஆர்யூவை நிறுத்தும் ட்ரிப்பை அதில் பாதிக்கும் கீழே வையுங்கள். ஈரத்தோடு ஆக்சிஜன் சேர்ந்தால் பைப்பில் அரிப்பு வரும் என்பதால் அலாரம் இன்னும் கீழே இருக்க வேண்டும். அனலைசரின் சாம்பிள் லைனில் கண்டன்சேட் (குளிர்ந்து திரவமான ஆவி) தேங்கினால் அது எப்போதும் பூஜ்யம் என்றே சொல்லும். ரீடிங் அசையாமல் இருந்தால் சந்தோஷப்படாமல் போய் டிரெயினைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, கம்பஸ்டர் என்பது டேங்கோடு பைப்பில் இணைக்கப்பட்ட நெருப்பு. நடுவில் இருப்பது ஃபிளேம் அரெஸ்டர் (தீ பின்னோக்கிப் பரவாமல் தடுக்கும் கருவி) மட்டும். பைப் முனையில் வைக்கும் வகையைப் பைப் நடுவில் வைத்தால் அது நெருப்பைத் தடுக்காது. நெருப்பு நீளமான பைப்பில் ஓடி வரும்போது வேகமெடுத்து டெட்டனேஷன் (ஒலியைவிட வேகமான வெடிப்பு) ஆகிவிடும். பர்னரிலிருந்து அரெஸ்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதைச் சான்றிதழில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் டெட்டனேஷன் அரெஸ்டர்தான் போட வேண்டும். இருபுற அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் டிபி கேஜ் போடுங்கள். அரெஸ்டருக்குள் இருக்கும் எலிமென்ட் மெழுகில் அடைத்தால் பின்னழுத்தம் ஏறி மறுபடி ஹேட்ச் தூக்கும். சுத்தம் செய்ய எடுத்த எலிமென்ட்டைத் திரும்பப் போடாமல் ஓட்டுவதும் நடக்கும். அதனால் எலிமென்ட் எண்ணைப் பர்மிட்டிலேயே எழுத வைக்க வேண்டும்.

ஃபிளேரின் (உயரக் குழாயில் வாயுவை எரிப்பது) பைலட் சுடர் அணைந்தாலும் இதே இரட்டைக் கணக்குதான். எரியாத மீத்தேன் மேலே போகும். சோர் கேஸ் (ஹெச்2எஸ் கலந்த வாயு) என்றால் எரியாத ஹெச்2எஸ் கீழே இறங்கும். 100 பிபிஎம் தொட்டால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்று ஆள் நினைப்பார். பைலட் தெர்மோகப்பிள் அலாரத்தை "சுற்றுச்சூழல் அலாரம்" என்று குறைந்த முன்னுரிமையில் போட்டிருக்கும் கன்ட்ரோல் ரூம்கள் உண்டு. முதலில் அதை மாற்றுங்கள்.

பழைய_ஃபோர்மேன்
பாண்டி சொன்னது தான் நான் சொல்ல வந்தது. புதுசு புதுசாக மாட்டிவிட்டுப் பராமரிக்க ஆள் தராவிட்டால் பழைய ஹேட்ச்சே மேல். கேலிபரேஷன் வேலையைக் கான்ட்ராக்ட்காரரிடம் ஆண்டுக்கு ஒரு தடவை என்று கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

வால்வு_வைத்தி
பராமரிக்காத கேஜ் என்ன செய்யும் என்பதற்கு பன்ஸ்ஃபீல்ட் போதும். இங்கிலாந்து, 2005 டிசம்பர் 11. எரிபொருள் கிடங்கின் டேங்க் 912-இன் லெவல் கேஜ் மூன்றில் இரண்டு பங்கு அளவில் அசையாமல் நின்றுவிட்டது, பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. தனியாக இருந்த ஹை லெவல் சுவிட்ச்சின் டெஸ்ட் லீவருக்குப் பூட்டுப் போடாததால் அது வேலை செய்யும் நிலையிலேயே இல்லை. 2,50,000 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்தது. 43 பேர் காயம், உயிரிழப்பு இல்லை. ஆனால் தீயணைத்த நுரையும் தண்ணீரும் எண்ணெயும் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தன. சேஃப்டி ரெஜிஸ்டரில் ஒரு பூட்டு. சுற்றுச்சூழல் ரெஜிஸ்டரில் ஒரு நிலத்தடி நீர்ப்படுகை. காரணம் ஒன்றே.

ஜெய்ப்பூரும் அப்படித்தான். 2009 அக்டோபர் 29, சீதாபுரா டெர்மினல். பெட்ரோல் டேங்க் லைனில் ஹேமர் பிளைண்டு வால்வு (தகடு செருகி லைனை அடைப்பது) திறந்திருந்தபோது மோட்டார் வால்வும் திறந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் பீறிட்டது. 11 பேர் இறந்தனர். ஏறத்தாழ 60,000 கிலோ லிட்டர் எரிபொருள் நாள் கணக்கில் எரிந்து காற்றில் கலந்தது. அந்தக் கரும்புகை எந்த நிலைத்தன்மை இலக்கையும் விழுங்கியிருக்கும்.

எனவே ஃபோர்மேன் அண்ணே, பராமரிக்க ஆள் இல்லை என்பது ஹேட்ச்சைத் திறப்பதற்கான காரணம் ஆகாது. ஆள் கேட்பதற்கான காரணம்.

மண்வாசம்_இன்ஜினியர்
டேங்க் கிளீனிங்கை விட்டுவிட்டீர்கள். ஹேட்ச்சில் நிற்பவர் சில நிமிடம் நிற்கிறார், மேன்ஹோல் வழியாக உள்ளே போகிறவர் மணிக்கணக்கில் நிற்கிறார்.

அடியில் படியும் சேறு எவ்வளவோ அவ்வளவு ஆள் நேரம், அவ்வளவு அபாயக் கழிவு. சேற்றைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். மிக்சரைச் சரியான கோணத்தில் வைத்து ஓட்டுவது, சூடான கச்சா எண்ணெயை நாசில் வழியாகச் சுழற்றி மெழுகைக் கரைத்து எண்ணெயாகவே மீட்பது. இவற்றை முடித்த பிறகு மிஞ்சியதற்குத்தான் ஆள். இல்லையென்றால் வாளியும் மண்வெட்டியும் கொடுத்து ஒப்பந்தத் தொழிலாளியை இறக்குவார்கள்.

டீகேசிங் (டேங்குக்குள் இருக்கும் ஆவியை வெளியேற்றுவது) செய்யும்போது பிளோயர் போட்டு ஆவியை வானத்தில் விடுவதுதான் வழக்கம். கையடக்கத் தெர்மல் ஆக்சிடைசரோ கார்பன் பெட்டோ வைத்தால் கீழே வேலை பார்ப்பவர்களுக்கும் நல்லது. உள்ளே போக ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 வரை, எல்ஈஎல் 10 விழுக்காட்டுக்குக் கீழ் என்பது எல்லை மட்டும். சேற்றைக் கிளறக் கிளற புதிதாக ஆவி வரும், அதனால் தொடர் கண்காணிப்பு வேண்டும். காலை 8 மணி ரீடிங்கைப் பர்மிட்டில் எழுதிவிட்டு மாலை வரை ஓட்டக் கூடாது. சோர் டேங்க் என்றால் சுவரில் படிந்த இரும்பு சல்ஃபைடு காய்ந்து காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். ஈரமாகவே வைத்து அகற்றுங்கள்.

சேற்றை இந்தியாவில் 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்றவரிடம்தான் தர வேண்டும். டெரி (டெல்லியில் உள்ள ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய ஆயில்சாப்பர் பாக்டீரியாவை வைத்து இடத்திலேயே சிதைக்கும் முறையும் இங்கே நடைமுறையில் உண்டு. அது மாதக்கணக்கில் பிடிக்கும். மழைநீர் புகாத, அடியில் லைனர் போட்ட குழி வேண்டும். காவிரிப் படுகை மாதிரி வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இடத்தில் டைக் டிரெயின் வால்வு பூட்டியிருக்கிறதா என்பதை மழைக்கு முன் ஒருவர் நேரில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை எல்லாரும் பார்த்தோம்.

ஜிஜிஎஸ்காரன்
எல்லாருக்கும் நன்றி. நோட் எழுத உட்கார்ந்தேன். நாலு டேங்க், மூன்று ஷிஃப்ட் என்றால் நாளுக்கு 12, வருடத்துக்கு 4,380 முறை ஹேட்ச் திறக்கிறோம். இதை எந்தத் தலைப்பில் போடுவது?

சிவப்பு_ஹெல்மெட்
இரண்டு தலைப்பிலும் அதே எண்ணைப் போடுங்கள். "ஹேட்ச் திறப்பு: 4,380" என்று ஒரே வரி. வலப்பக்கம் ஒரு கட்டத்தில் ஆள் ஆவிக்கு உட்படும் தடவை, அடுத்த கட்டத்தில் வெளியேறும் வாயு. கேஜ் போட்டால் இரண்டும் எவ்வளவு குறையும், கேஜ் பழுதானால் இரண்டும் எவ்வளவு ஏறும். மூன்றாவது கட்டம் மிக முக்கியம்: பாண்டி சொன்ன புதிய ஆபத்துகளுக்கான எம்ஓசி (மாற்றத்துக்கு முன் ஆபத்தை ஆராய்ந்து தரும் ஒப்புதல்) எண். அது காலியாக இருந்தால் நோட்டை மேலே அனுப்பாதீர்கள். சேஃப்டி மேனேஜரும் சுற்றுச்சூழல் மேனேஜரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தனித்தனித் தாள் என்றால் ஃபைனான்ஸ் இரண்டையும் தனித்தனியாக மறுக்கும்.

ஏபிஐ ஸ்டாண்டர்டைக் காட்டும்போது ஓஐஎஸ்டி (இந்திய எண்ணெய்த் துறையின் பாதுகாப்பு அமைப்பு) 105 பர்மிட் ஸ்டாண்டர்டையும் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் என்று தள்ளிவிட முடியாது.

ஜிஜிஎஸ்காரன்
கடைசியாக ஒன்று. கேஜ் வர ஆறு மாதமாவது ஆகும். அதுவரை ஹேட்ச் கேஸ்கெட் மட்டும் மாற்றலாம் என்கிறார் ஸ்டோர்ஸ். நைட்ரைல் ரப்பர் இருப்பில் இருக்கிறது. போதுமா?

வால்வு_வைத்தி
உங்கள் கண்டன்சேட்டில் அரோமாட்டிக் (பென்சீன், டொலுயீன் மாதிரி) அதிகமென்றால் நைட்ரைல் உப்பி, விளிம்பை விட்டுப் பிதுங்கும். வைட்டான் (ஃபுளோரின் கலந்த ரப்பர்) கேளுங்கள், விலை கூடுதல், நிற்கும். சோர் என்றால் அமீன் இன்ஹிபிட்டர் (அரிப்பைத் தடுக்கும் ரசாயனம்) போகிறதா என்று கெமிக்கல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வைட்டானுக்கு அமீன் ஆகாது. கேஸ்கெட்டை மாற்றும் அன்றே இருக்கையின் விளிம்பை மெழுகு போகத் துடைத்து, டேப் உரசும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் கேஸ்கெட் எதுவானாலும் கசியும். அந்த இடத்துக்குப் பித்தளை டேப் கைடு ஒன்று செய்து போடச் சொல்லுங்கள்.